நான்காம் வரிசைக்காரன்

சர்ர்ர். பிறகு ஒன்றுமில்லை. பிறகு மறுபடியும் சர்ர்ர். ஜெனிற்றா கையில் பால்போத்தலோடு குசினியின் நடுவில் அப்படியே நின்றாள். மணி நாலு இருபது, வெளியே நல்ல இருட்டு. இந்த வடக்கு ஊரில் தை மாதத்துச் சூரியன் வந்ததற்கு அடையாளமாகத் தலையைக் காட்டிவிட்டுப் போய்விடுகிறது. சுவருக்குள் எலியா, கூரையில் பனி வழுகுகிறதா, குழாய்க்குள் தண்ணீர் உறைகிறதா. எதுவும் இல்லை. உறைகிற குழாய் முனகும், பனி வழுகினால் தொம்மென்று விழும், இரண்டு குளிர்காலத்தில் இந்த வீட்டின் எல்லாச் சத்தமும் அவளுக்குப் பாடம். இது பாடத்தில் இல்லாதது. அதுவும் இந்த நேரத்தில் இந்த வீட்டில் சத்தமே இருக்கக்கூடாது. ஆட்டம் இருக்கிற நாளில் அவளுடைய புருஷன் யூட் மத்தியானம் இரண்டு மணிக்குப் படுத்தால், நாலே முக்காலுக்கு அவள் போய் எழுப்பும் வரைக்கும் நித்திரை. அவன் மட்டுமில்லை, அந்த அணியில் இருபது பேரும், இந்த நாட்டில் ஐஸ் ஹொக்கி விளையாடிச் சாப்பிடுகிற அத்தனை ஆம்பிளைகளும், அந்த நேரத்தில் திரையை இழுத்துவிட்டுக் கைக்குழந்தைகள் மாதிரிப் படுத்திருப்பார்கள். கலியாணமான புதிதில் அவளுக்கு அது சிரிப்பாக இருந்தது. இவ்வளவு பெரிய மனுசனுக்குத் தாலாட்டும் வேணுமோ என்று கேட்டாள். இப்போது அந்த இரண்டே முக்கால் மணி நேரமும் கரண்டியைக்கூடத் துணி விரித்துத்தான் வைக்கிறாள். ஏழு மாதத்து எலீன்கூடப் பழகிவிட்டாள், இதோ தொட்டிலில் கண்ணை முழித்துக்கொண்டு தன் பெருவிரலோடு சத்தமில்லாமல் ஏதோ நியாயம் பேசிக்கொண்டு கிடக்கிறாள். சர்ர்ர். ஒன்று, இரண்டு, இது மூன்றாவது. எண்ணாதே. எண்ணத் தொடங்கினால் நிற்காது. நாலு.

துணி கிழிக்கிற சத்தம். அவளுக்குப் பன்னிரண்டு வயது, யாழ்ப்பாணத்தில் கன்னியர் மடத்து விடுதி, அந்த வருஷம் சண்டையால் சித்திரையும் வைகாசியும் பாடம் நடக்கவில்லை. சிஸ்டர் எமல்டா பிள்ளைகளை மண்டபத்தில் வரிசையாக இருத்தி, பழைய படுக்கை விரிப்புகளைக் கொடுத்து, உள்ளங்கை அகலத்துக்குக் கிழிக்கச் சொன்னார். ஆருக்கு சிஸ்டர் என்று யாரோ கேட்டதற்கு, கிழி பிள்ளை என்று மட்டும் பதில் வந்தது. நாற்பது பிள்ளைகள் கிழித்தார்கள். சர்ர், சர்ர், சர்ர். முதல் நாள் விளையாட்டாக இருந்தது, இரண்டாம் நாள் கை வலித்தது, மூன்றாம் நாள் ராத்திரி படுக்கையில் அவள் தான் கிழித்த ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு காலோ கையோ தலையோ வைத்துப் பார்த்தாள். தலைக்கு எத்தனை சுற்று வேண்டும் என்று யோசித்தாள். அன்றிலிருந்துதான் கதவுக்கு உள்ளே கொண்டி தள்ளிப் போடாமல் நித்திரை வராது. பூட்டு வேறு, கொண்டி வேறு. பூட்டு வெளியே இருக்கிறவனுக்கும் சொந்தம், திறப்பு அவன் கையிலும் இருக்கலாம். கொண்டி உள்ளே இருக்கிறவளுக்கு மட்டும். இந்த வீட்டின் முன்கதவிலும் ஒரு நல்ல பித்தளைக் கொண்டி இருக்கிறது, பேருக்கு. குளிருக்குக் கதவு வளைந்து சட்டத்தில் சரியாக உட்காராது, கொண்டியும் துளையும் ஒரு நகத்தளவு விலகி நிற்கும். ஒருவர் தோளைக் கொடுத்துக் கதவைத் தள்ளிப் பிடிக்க, மற்றவர் கொண்டியைத் தள்ளினால்தான் விழும். வெயில் காலம் சரியாகிவிடும் என்றார் வீட்டுக்காரர். யூட் சிரித்தான். இஞ்ச ஆர் வரப்போகினம், கரடியே? தள்ளிப் பிடியுங்கோவன் என்றால், பிறகு ஒருநாள் பார்ப்பம் என்பான். அவன் இங்கே பிறந்தவன், பள்ளிக்கூடம் விட்டு வந்தால் திறந்து கிடக்கிற வீட்டுக்குள் நுழைந்து வளர்ந்தவன். அணியின் பஸ்ஸில் அவன் நாலு நாள், ஐந்து நாள் என்று வெளியூர் போகும்போது அவள் சாப்பாட்டுக் கதிரையை இழுத்துக் கதவுப் பிடிக்குக் கீழே முட்டுக்கொடுத்து, அதன்மேல் எலீனின் கிலுகிலுப்பையை வைத்துவிட்டுப் படுப்பாள். கதிரை அசைந்தால் அது விழும். இதுவரை விழுந்ததில்லை. விழாத சத்தத்தைக் கேட்டபடியே எத்தனை இரவு விடிந்திருக்கிறது. இப்போது இந்தச் சத்தம் வாசல் பக்கம் இல்லை. உள்ளேதான். பதினொன்று, பன்னிரண்டு. பன்னிரண்டு என்றதும் மனசு அந்தப் பன்னிரண்டு சொல்லுக்குப் போகப் பார்த்தது. வேண்டாம். அதற்குப் பிறகு போகலாம்.

மாமி, யூட்டின் அம்மா, ரொறன்ரோவிலிருந்து ஞாயிறுதோறும் ஃபோன் எடுப்பா, எடுத்தவுடனே, எத்தினை கோல் என்பா. ஒண்டும் இல்லை மாமி. அப்ப விளையாடேல்லையோ? விளையாடினவர் மாமி, நல்லா விளையாடினவர். கோலடிக்காமல் என்ன நல்ல விளையாட்டு, இவன்ரை அப்பா விடிய நாலு மணிக்கு எழும்பி ராக்சி ஓடுறதுக்கு முதல் கொண்டுபோய் இறக்கி விட்டவர், இதுக்கோ? இந்தப் பருவத்தில் இரண்டு கோல். அதிலும் ஒன்று யாரோ அடித்தது இவன் முழங்காலில் பட்டு உள்ளே போனது. யாழ்ப்பாணத்திலிருந்து அவளுடைய அம்மா கேட்பது வேறு மாதிரி. மருமகன் விளையாடப் போறது சரி பிள்ளை, வேலைக்கு எப்ப போவார்? இருவருக்கும் அவள் விளக்கிச் சொல்ல முயன்றிருக்கிறாள். முன்னால் ஓடுகிறவர்கள் நாலு வரிசை, ஒரு வரிசைக்கு மூன்று பேர். முதலிரண்டு வரிசை கோலடிக்கிறவர்கள், அவர்களுடைய படம்தான் அரங்கத்துச் சுவரில். மூன்றாவது பரவாயில்லை. யூட் நாலாவது. அறுபது நிமிட ஆட்டத்தில் அவனுக்கு ஒன்பது நிமிடம், அதுவும் ஒரேயடியாக இல்லை, நாற்பது செக்கன், அரை நிமிடம் என்று நறுக்கி நறுக்கி. அந்த ஒன்பது நிமிடத்தில் எதிர்ப்பக்கத்துப் பெரிய ஆட்டக்காரர்களை ஓட விடாமல் மறித்து, பனித்தளத்தைச் சுற்றியிருக்கிற பலகையோடு சேர்த்து நெரித்து, அவர்களுக்கு மூச்சு வாங்கவைத்துவிட்டு வரவேண்டும். தண்டனை வாங்கி ஒருவன் வெளியே இருந்தால் இரண்டு நிமிடம் ஆள் குறைவு. அப்போது பயிற்சியாளர் முதலில் கூப்பிடுவது யூட்டைத்தான். எதிரி ஓங்கி அடிக்கிற பக், கல் மாதிரி உறைந்த அந்தக் கறுப்பு ரப்பர் வட்டு, கோல் பக்கம் போகாமல் இவன் போய்க் குறுக்கே விழுவான், காலில், விலாவில், கையில் வாங்குவான். பிறகு எழும்பி வந்து, ஓரத்தில் அணி உட்கார்ந்திருக்கிற வாங்கில் இருப்பான். அரங்கத்தில் நாலாயிரம் பேரில் அதற்குக் கைதட்டுவது ஒரு பத்துக் கிழவர்கள். ஆனால் வாங்கில் இருக்கிற அத்தனை பேரும் மட்டையால் பலகையைத் தட்டுவார்கள், டக் டக் டக். அந்தத் தட்டலைக் கேட்கத்தான் அவன் உயிரோடு இருக்கிறான் என்று அவளுக்குச் சில நேரம் தோன்றும். பயிற்சியாளர் ஒருமுறை வானொலியில் சொன்னார், அவன் செய்தது எதையும் காட்ட முடியாது, அவன் நடக்காமல் பண்ணினதைத்தான் எண்ணிப் பார்க்கவேண்டும் என்று. அவள் அதை எழுதி வைத்தாள். விடுதியில் நெற்போல் விளையாடிய காலத்தில் அவளும் ஓரத்துத் தடுப்புக்காரிதான், பந்து போடுகிறவளுக்குப் போகாமல் கையை விரித்துக்கொண்டு நிற்கிறவள், பரிசளிப்பு நாளில் பேர் வாசிக்கப்படாதவள். அவனைக் கலியாணம் பேசிக் கொண்டுவந்தபோது படத்தைவிட அந்தக் கதைதான் அவளுக்குப் பிடித்தது. நடக்காமல் பண்ணுகிறவன். அப்படியொருவன் பக்கத்தில் கிடந்தால் கொண்டி இல்லாமலும் நித்திரை வரும் என்று நினைத்தாள்.

பத்து நாளைக்கு முன்னால் நாலுக்கு ஒன்று என்று வென்றுகொண்டிருந்த ஆட்டம். இன்னும் இரண்டு நிமிடம். பக் தன்பாட்டில் தூர மூலைக்கு ஓடியது. யாருக்கும் தேவையில்லாத பக். விட்டிருந்தால் யாரும் ஒரு சொல் சொல்லியிருக்க மாட்டார்கள். யூட் போனான். போகாமல் இருந்தால் அவன் யூட் இல்லை. பின்னாலிருந்து எதிர்ப்பக்கத்து ஒருவன் வந்து இடித்தான், யூட்டின் தலை பலகைக்கு மேலிருக்கிற கண்ணாடியில் மோதியது. எலீனுக்குக் காதை மூடக் கட்டியிருந்த பஞ்சு உறை அவள் காதிலும் இருந்திருக்கலாம், அந்தச் சத்தத்தைக் கேட்காமல் இருந்திருப்பாள். தேங்காய் உடைகிற சத்தம் இல்லை, அப்படி இருந்தால் பயந்து எல்லோரும் எழுந்திருப்பார்கள். ஒரு தடித்த புத்தகத்தை மேசையில் வைத்த மாதிரி, அவ்வளவுதான். அவன் எழும்பினான். அவள் இருந்த பக்கம் பார்த்துப் பெருவிரலைக் காட்டினான். ஆனால் அவள் இருந்தது அந்தப் பக்கம் இல்லை. வேறு யாரோ ஒரு பெண்ணைப் பார்த்துக் காட்டினான். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. இருபத்தொன்று. இருபத்திரண்டு.

சரி, அந்தப் பன்னிரண்டு சொல். ஏணி, சேவல், கடிதம், உப்பு, பாலம், மணி, திரை, தொப்பி, கத்தி, விளக்கு, ஆறு, நாணயம். போன செப்டெம்பரில் இதே குசினி மேசையில், மூன்று மாதத்து எலீனை மடியில் போட்டுக்கொண்டு, அவள்தான் அவன் பழகிப் பார்க்க எழுதிக்கொடுத்தாள். ஒவ்வொரு பருவத்தின் தொடக்கத்திலும் ஆட்டக்காரர்களைக் கணினிக்கு முன்னால் இருத்தி ஒரு பரீட்சை வைப்பார்கள், சொற்களைக் காட்டி மறைத்து நினைவு எவ்வளவு, கை எவ்வளவு சுறுக்காக அசைகிறது என்று. அந்தப் புள்ளியை எழுதி வைத்திருந்து, பிறகு எவனுக்காவது தலையில் அடிபட்டால் அதே பரீட்சையைத் திரும்ப வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். குறைந்திருந்தால் பனியில் இறங்க விடமாட்டார்கள். ஆகவே ஆட்டக்காரர்கள் செப்டெம்பரில் வேண்டுமென்றே மந்தமாகச் செய்வார்கள். அடுத்த தெருவில் இருக்கிற கைல், யூட்டோடு அதே நாலாம் வரிசையில் ஓடுகிறவன், அவன்தான் இதைச் சொல்லிக்கொடுத்தவன். முதல் வரிசைக்காரன் ஒரு மாதம் படுத்தாலும் அவனுடைய இடம் அவனுக்கே இருக்கும், நாங்கள் இரண்டு ஆட்டம் படுத்தால் எங்கள் கதிரையில் வேறொருவன் இருப்பான் என்றான். யூட் மந்தமாகச் செய்யப் பழகிப் பார்த்தான், வரவில்லை. பொய் சொல்ல வராதவன். ஒரேயடியாகப் பிழைவிட்டால் கணினி கண்டுபிடித்துத் திரும்ப எழுதச் சொல்லும். அப்போது அவள் சிரித்துக்கொண்டு சொன்னாள், தள்ளுங்கோ, நான் காட்டுறன். பன்னிரண்டில் இரண்டை விடவேண்டும், அடுத்தடுத்து விடக்கூடாது. தெரிந்த பதிலுக்கும் ஒரு மூச்சு எடுத்துவிட்டுக் கையை அசைக்கவேண்டும். அவளுக்கு அது கை வந்த கலை. வகுப்பில் முதலாம் பிள்ளை பரிசளிப்பு நாளில் மேடையேறி நன்றியுரை சொல்லவேண்டும், அந்தப் பயத்தில் ஆறு வருஷம் ஒவ்வொரு தவணையும் சரியாக இரண்டு புள்ளியை விட்டு இரண்டாம் பிள்ளையாக வந்தவள். யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தாள். கடைசி வருஷம் சிஸ்டர் எமல்டா கணக்குத் தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, தெரிஞ்சு விட்ட பிழை உன்னைத் தேடி வரும் பிள்ளை என்றார். அதைச் சொல்லும்போது அவருக்குக் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் மறந்திருப்பாள்.

அடிபட்டு மூன்றாம் நாள் பரீட்சை. யூட் சந்தோஷமாக வந்தான். செப்டெம்பர்ப் புள்ளியேதான், ஒரு புள்ளிகூட மாறேல்லை, பிரையன் சிரிச்சுப்போட்டுக் கையெழுத்துப் போட்டுட்டார் என்றான். பிரையன் அணியின் காயங்களைப் பார்க்கிற மனுசன், வாயில் எப்போதும் மின்ற் இனிப்போடு, யூட்டில் பிரியமானவர். அவள் எலீனுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். சும்மா கேட்டாள். எந்த ரெண்டை விட்டனீங்கள்? அவன் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே சொன்னான், நான் ஒண்டும் விடேல்லை, அடிபட்ட பயத்தில எல்லாத்தையும் சரியாச் செய்யத்தான் பாத்தனான். சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டான். கரண்டி எலீனின் வாய்க்கு வெளியே நின்றது. அவள் பொய்யாகக் கீழே வைத்த இடத்துக்கு அவன் உண்மையாக இறங்கி வந்திருக்கிறான். அது அவனுக்கு விளங்கவில்லை. விளங்காததுதான் பயம். இன்றைக்குச் சொல்லுவோம், நாளைக்குச் சொல்லுவோம் என்று ஏழு நாள். சொன்னால் அவனை இருத்திவிடுவார்கள். சொன்னால் மற்றவர்களின் செப்டெம்பரும் வெளியே வரும். சொன்னால் அவள் மேடையேற வேண்டும். அந்த ஏழு நாளில் குளியலறைக் குழாய் இரண்டு தரம் திறந்தபடி கிடந்தது, பால் அலுமாரிக்குள் இருந்தது, எலீனை ஒருநாள் அவன் தன் தங்கச்சியின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டான், வெளிச்சம் குத்துகிறது என்று யன்னல் திரைக்கு மேல் அவளுடைய கறுப்புச் சால்வையையும் தொங்கவிட்டான். நேற்றுக் கைல் வந்து சொன்னான், இவர்களிலிருந்து ஆள் எடுக்கிற மேல் அணியில் நாலாம் வரிசைக்கு ஒரு ஆள் தேவையாம், இன்றைக்கு அங்கிருந்து ஒருவர் யூட்டைப் பார்க்கவென்றே விமானத்தில் வருகிறாராம். எட்டு வருஷத்தில் முதல் தடவை. யூட் அவளைத் தூக்கிச் சுற்றினான், சுற்றிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். பார்க்க ஒருவர் வருகிறார் என்றால் அவன் இன்றைக்கு ஒன்றுக்கும் குறுக்கே விழாமல் விடமாட்டான். தேவையில்லாத ஒவ்வொரு மூலைக்கும் போவான். இன்னொரு புத்தகம் மேசையில். ஏணி, சேவல், கடிதம், உப்பு. முப்பத்தைந்து.

முப்பத்தாறாவது சத்தத்தில்தான் அது என்ன சத்தம் என்று தெரிந்தது, தெரிந்ததும் சிரிப்பு வந்தது. மட்டையின் அடிப்பாகத்துக்கு ரேப், ஒட்டுநாடா, சுற்றுகிற சத்தம். கறுப்புத் துணி ரேப், இழுத்தால் சர்ர்ர். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் மூன்று மட்டைக்குச் சுற்றுவான். நித்திரைக்கு முதல் சுற்றுவான், எழும்பிச் சுற்றமாட்டான், ஆகையால்தான் இந்த நேரத்துக்கு அந்தச் சத்தம் அவள் காதில் அந்நியமாக விழுந்திருக்கிறது. சிரிப்பு பாதியில் நின்றது. நித்திரைக்கு முதல் சுற்றினான்தானே. ஒரு மணிக்கு, அவள் சோறு போடும்போது, மூன்று மட்டையும் வாசலில் சாத்தியிருந்ததே, அவள் அதைத் தாண்டித்தானே வந்தாள். அறைக்குப் போய்ப் பார்த்தாள். கட்டிலில் அவன் இல்லை, போர்வை நாலாக மடிக்கப்பட்டிருந்தது. வாசலில் மட்டைகள் இல்லை. குசினியிலிருந்து கராஜுக்குப் போகிற கதவைக் கையளவு திறந்தாள். குளிர் முகத்தில் விழுந்தது. லைற் போடாமல், தெருவிளக்கு வெளிச்சத்தில், முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு வாளியைக் கவிழ்த்து அதில் இருந்தான். மடியில் மட்டை. இழுக்கிறான், சுற்றுகிறான், பெருவிரலால் அழுத்தித் தடவுகிறான், வெட்டுகிறான். மட்டையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்க்கிறான். திருப்தியோடு கீழே வைக்கிறான். அடுத்ததை எடுக்கிறான். அது அடுத்தது இல்லை. இப்போது வைத்ததையே எடுக்கிறான். இழுக்கிறான், சர்ர்ர். காலடியில் ரேப் முடிந்த அட்டை வளையங்கள் கிடந்தன. ஒரு ரோல் மூன்று மட்டைக்குப் போதும். திங்கட்கிழமை அவள்தான் ஆறு ரோல் வாங்கி வந்தாள். ஐந்து வளையங்கள். அவன் முதுகு எவ்வளவு கவனமாக இருந்தது. மண்டபத்தில் துணி கிழித்த நாற்பது பிள்ளைகளில் ஒரு பிள்ளையின் முதுகு மாதிரி, ஆருக்கு என்று கேட்காமல். தலைக்கு எத்தனை சுற்று வேண்டும் என்ற பழைய கணக்கு இருட்டுக்குள்ளிருந்து எழும்பி வந்து அவள் பக்கத்தில் நின்றது. அவள் கதவைச் சாத்தினாள். கூப்பிடவில்லை. கூப்பிட்டால் அவன் திரும்பிச் சிரிப்பான், அந்தச் சிரிப்பைப் பார்த்தால் எட்டாவது நாளும் போய்விடும்.

ஃபோனை எடுத்துப் பிரையனின் இலக்கத்தை அழுத்தினாள்.

“சொல் ஜெனி, பிள்ளைக்குச் சுகமில்லையா?”

“யூட்டின் செப்டெம்பர்ப் பரீட்சை பொய், பிரையன். வேண்டுமென்று பிழைவிட்டார். எப்படி விடுவது என்று நான்தான் சொல்லிக்கொடுத்தேன். போன கிழமை அவர் வேண்டுமென்று ஒன்றும் விடவில்லை.”

மறுமுனையில் மின்ற் இனிப்பு பல்லில் படுகிற சத்தம் நின்றது.

“ஒன்றும் விடவில்லையா?”

“இல்லை. அதுதான் அவருடைய முழுப் புள்ளி.”

“இப்போது எங்கே அவன்?”

“கராஜில். மட்டைக்கு ரேப் சுற்றுகிறார். ஐந்தாவது ரோலும் முடிந்துவிட்டது.”

“இன்றைக்கு அவன் பனியில் இறங்கமாட்டான், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். தனியே விடாதே, கார் ஓட்ட விடாதே. வாந்தி எடுத்தாலோ எழுப்பி எழும்பாவிட்டாலோ உடனே அம்புலன்ஸைக் கூப்பிடு. விடிந்ததும் டாக்டரிடம் நானே கூட்டிப் போகிறேன்.” பிறகு, “அவனிடம் நான் சொல்லட்டுமா, நீ சொல்கிறாயா?”

“நான் சொல்கிறேன்.”

அவள் ஃபோனை வைத்துவிட்டுத் திரும்ப, யூட் குசினிக் கதவில் நின்றான், கையில் ஒரு மட்டையோடு, பயணப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, நல்லாகச் சவரம் செய்த முகத்தோடு. அவனுக்கு இருபத்தெட்டு வயது, அந்த நேரம் பதினேழு மாதிரி இருந்தான்.

“ஆரோட கதைச்சனீர்?”

“பிரையனோட. செப்டெம்பர்க் கதையைச் சொல்லிப்போட்டன்.”

அவன் பையை இறக்கவில்லை. “இண்டைக்கோ? வேற நாள் கிடைக்கேல்லையோ உமக்கு?”

“ஏழு நாள் இருந்தது. ஏழையும் விட்டிட்டன்.”

“ஒருத்தன் என்னைப் பாக்க வாறான், ஜெனி. கோலடிக்கிறவனைப் பாக்க இல்லை. என்னை.”

“தெரியும்.”

“ஒன்பது நிமிசம். ஒரு நாளைக்கு அந்த ஒன்பது நிமிசம்தான் நான் ஆரோ ஒருத்தன். மிச்ச நேரமெல்லாம் சும்மா ஒரு ஆள். அதை எடுத்துப்போட்டீர்.” குரல் உயரவில்லை. அவன் கத்தியிருந்தால் அவளுக்கு எவ்வளவோ சுகமாக இருந்திருக்கும்.

“எத்தினை மட்டைக்கு ரேப் சுத்தினனீங்கள்?”

“மூண்டு. எப்பவும் மூண்டுதானே.”

“கையில இருக்கிறதைப் பாருங்கோ, அப்பா.”

எலீன் பிறந்த பிறகுதான் அவனை அப்பா என்று கூப்பிடத் தொடங்கினாள், அதுவும் பிள்ளைக்காக. அவன் பார்த்தான். மட்டையின் அடி, மாவுக்கட்டுப் போட்ட கால் மாதிரி, அவனுடைய கையளவு தடித்திருந்தது. இவ்வளவு சுற்றின மட்டை பக்கைத் தொட்டாலும் கைக்குத் தெரியாது. அவன் ரேப்பின் விளிம்பைத் தேடி நகத்தால் சுரண்டினான். ஒரு சுற்று உரிந்தது, கீழே இன்னொரு விளிம்பு. அதையும் உரித்தான். அதன் கீழே இன்னொன்று. சர்ர்ர் என்ற அதே சத்தம், இந்த முறை தலைகீழாக. நாலாவது விளிம்பில் நிறுத்தினான்.

“இது நானோ செய்தது?” யாரோ பிள்ளையின் பொம்மையை உடைத்துவிட்டதைப் போலக் கேட்டான். எலீன் தொட்டிலில் சிணுங்கத் தொடங்கினாள். வெளியே கார் ஹோர்ன் இரண்டு தரம் அடித்தது, பிறகு பனி நெரிபடும் காலடி, பிறகு வாசலில் கைலின் குரல்.

“யூடி, இன்னும் கனவில் கோலடித்துக்கொண்டிருக்கிறாயா? நேரில் அடிக்கமாட்டாய் என்று ஊருக்கே தெரியும், எழும்பி வா.”

யூட் போய்க் கதவைத் திறந்தான். கைல் சிரித்தபடி நின்றான், முன்பல் ஒன்று இல்லாத சிரிப்பு. பிறகு அவன் கண் மட்டையில் விழுந்தது. அங்கேயே நின்றது. கைலும் அப்படியொரு மட்டையை எங்கேயோ எப்போதோ பார்த்திருக்கிறான் என்று ஜெனிற்றாவுக்குத் தோன்றியது, யாருடையது என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

“நான் இன்றைக்கு இல்லை,” என்றான் யூட். “பிரையனுக்குச் செப்டெம்பர் தெரியும்.”

கைல் அவளைப் பார்த்தான். அடுத்த கிழமை தன்னையும் கணினிக்கு முன்னால் திரும்ப இருத்துவார்கள் என்பது அவன் முகத்தில் மெல்ல ஏறியது. அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை. மேடையில் நிற்கிறாள், இனித் தாழ்த்தி என்ன. கைல் தொப்பியைக் கழற்றித் திரும்பப் போட்டான்.

“ஆள் குறைகிற நேரத்தில் யார் போய் நிற்பது?” என்று கேட்டான். அது இருவரிடமும் கேட்டது இல்லை. பிறகு படியிறங்கிப் போனான். காரின் பின்விளக்குகள் கொஞ்ச நேரம் பனியைச் சிவப்பாக்கிவிட்டு வளைவில் மறைந்தன.

யூட் கதவைச் சாத்திவிட்டு நின்றான். தோளில் இன்னும் பை. இப்போது அவன் கதவைத் திறந்துகொண்டு நடந்தே போகலாம். அரங்கம் இரண்டு மைல், போய்ப் பிரையனின் சட்டையைப் பிடித்துக் கெஞ்சலாம். அவள் மறிக்கமாட்டாள், மறித்து அவனை வெல்ல யாரால் முடியும். அவளுக்குத் தெரிந்ததைச் செய்தாள். எலீனை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, மற்றக் கையால் சாப்பாட்டுக் கதிரையை இழுத்து வந்து கதவுப் பிடிக்குக் கீழே முட்டுக்கொடுத்தாள், கிலுகிலுப்பையையும் அதன்மேல் வைத்தாள், இன்னும் ஐந்து மணிகூட ஆகவில்லை, ஆனாலும் கை தன்பாட்டில் செய்தது. யூட் கதிரையைப் பார்த்தான். அதன்மேல் கிடந்த கிலுகிலுப்பையைப் பார்த்தான்.

“இதென்ன?”

“நீங்கள் பஸ்ஸில போற நாளையில் வைக்கிறது.”

“ஒவ்வொரு நாளுமோ?”

“ஓம்.”

அவன் கனநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். நாற்பது செக்கன் இருக்கும், ஒரு தரம் பனியில் இறங்கி ஏறுகிற நேரம். பிறகு பையைத் தோளிலிருந்து இறக்கிச் சுவரோரம் வைத்தான், மட்டையை அதன்மேல் சாத்தினான், கதிரையை மெதுவாக ஒதுக்கினான். முழங்காலை மடித்து, காலை அகட்டி, எதிரியைப் பலகையோடு சேர்த்து வைக்கிற அதே மாதிரி, வலது தோளைக் கதவில் கொடுத்தான். கதவு முனகிக்கொண்டு சட்டத்துக்குள் உட்கார்ந்தது. அவன் கண்ணை மூடியிருந்தான், வெளிச்சத்துக்காகவா வேறெதற்காகவா என்று தெரியவில்லை.

“இப்ப தள்ளும்,” என்றான்.

அவள் கொண்டியைத் தள்ளினாள். பித்தளை குளிர்ந்திருந்தது. ஒரு கணம் தடக்கியது, அவன் இன்னும் கொஞ்சம் தோளைக் கொடுத்தான், அது துளைக்குள் போய் விழுந்தது.